மலைவாழைப்பழத்தில் டிஎன்ஏ எடுத்தால் வழவழ கட்டிதான் மிதக்கிறது. இது டிஎன்ஏவா? (12-ஆம் வகுப்பு செய்முறை)

மலைவகுப்பு (பண்ணைக்காடு) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்கு டிஎன்ஏ பிரித்தெடுத்துக் காட்ட வேண்டும். இங்கே எளிதில் கிடைப்பது விருப்பாச்சி மலைவாழை என்பதால் அதையே எடுத்துக்கொண்டோம். அரைப்பழம், 100 மி.லி. தண்ணீர், ஒரு தேக்கரண்டி கல்லுப்பு, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு கரண்டி. மிக்சியில் ஒரு நிமிடம் அடித்து, துணியில் வடிகட்டி, வடிநீருக்குச் சமமாக கை கழுவும் சானிடைசரை (70 சதவீதம் என்று போட்டிருக்கிறது) ஊற்றினோம்.

மேலே அரை விரல் கனத்துக்குக் கண்ணாடி மாதிரி ஒரு கட்டி மிதக்கிறது. குச்சியில் சுற்றினால் நூலாக வரவில்லை, பிய்ந்து விழுகிறது. படங்களில் காட்டும் வெள்ளை இழை இதுதானா, வேறு ஏதாவதா? பழம் செங்காய்ப் பக்குவம், முழுதாகப் பழுக்கவில்லை. ஆய்வக ரசாயனம் வாங்கப் பணம் ஒதுக்க முடியாது. ஐந்நூறு ரூபாய்க்குள் முடிய வேண்டும்.

இன்னொன்று. ஒரு மாணவி கேட்டாள்: "வாழைக்கன்று தாயின் நகல்னா, தாய்க்கு முடிக்கொத்து நோய் இருந்தா கன்றுக்கும் வருதே, அது டிஎன்ஏ வழியாவா வருது டீச்சர்?" (முடிக்கொத்து என்பது இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும் வைரஸ் நோய்.) பாடப்புத்தகத்தில் டிஎன்ஏ இரட்டிப்பாதல் ஒரு பக்கம் இருக்கிறது, வைரஸ் வேறொரு பக்கம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

இழைநூல் பதில்:

டீச்சர், அந்தக் கட்டியில் பெரும்பகுதி பெக்டின், அதாவது பழத்தின் செல்சுவரில் இருக்கும் கோந்து. ஜாம் போடுகிறவர்கள் பழச்சாற்றில் பெக்டின் போதுமா என்று பார்க்க ஒரு கரண்டிச் சாற்றை ஸ்பிரிட்டில் விடுவார்கள். கட்டியாகத் திரண்டால் ஜாம் உறையும் என்று அர்த்தம். உங்கள் குழாயில் நடந்ததும் அதே சோதனைதான்.

அளவைக் கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். விருப்பாச்சி மும்மடியம், ஏஏபி வகை (ஏ தொகுதி இரண்டு, பி தொகுதி ஒன்று). 11 குரோமோசோம் கொண்ட தொகுதி மூன்று, ஆக ஒரு உட்கருவில் 33. 2012-ல் வெளியான வாழை மரபணுத்தொகுதியின் அளவு ஒரு தொகுதிக்குச் சுமார் 52 கோடி எழுத்து இணைகள் (டிஎன்ஏவின் கார இணைகள்). மூன்றும் சேர்ந்தால் சுமார் 150 கோடி. எடையில் இது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கைக் காட்டிலும் கொஞ்சம் அதிகம். 50 கிராம் பழத்தில் சில கோடி செல்கள் இருக்கும் என்று வைத்தாலும் மொத்த டிஎன்ஏ ஒரு மில்லிகிராமைத் தொடாது. அரை விரல் கனத்துக்கு வர வழியே இல்லை.

மாணவர்களே இதைக் கண்டுபிடிக்கட்டும். இரண்டு குழாய் வையுங்கள். ஒன்றில் சோப்பு போட்ட கலவை, இன்னொன்றில் சோப்பே போடாமல் மசித்து வடித்தது. இரண்டிலும் ஆல்கஹால் ஊற்றுங்கள். சோப்பு இல்லாததிலும் அதே கட்டி வந்தால் அது சவ்வுக்குள்ளிருந்து வந்த பொருள் இல்லை, செல்சுவரிலிருந்து வந்தது. சோப்பு செல்சவ்வு, உட்கருச்சவ்வு இரண்டின் கொழுப்பையும் கரைத்தால்தான் டிஎன்ஏ முழுதாக வெளியே வரும்.

இனி ஒவ்வொன்றாக. முதல் தவறு சானிடைசர். டிஎன்ஏவின் வெளிமுதுகு முழுக்கப் பாஸ்பேட், அதாவது எதிர்மின்னூட்டம். தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு கரைத்து வைத்திருக்கும். உப்பின் சோடியம் அந்த மின்னூட்டத்தை மறைக்க, ஆல்கஹால் தண்ணீரின் பிடியைத் தளர்த்த, அப்போதுதான் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். இதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்றால் கலவையில் கடைசியாக 50 சதவீதமாவது நிற்க வேண்டும், எத்தனால் என்றால் 65 பக்கம். 70 சதவீதச் சரக்கைச் சமஅளவு ஊற்றினால் நிற்பது 35தான். பெக்டினுக்கு அது போதும், டிஎன்ஏவுக்குப் போதாது. மேலும் ஜெல் வகை சானிடைசரில் அதைக் கெட்டியாக்கும் பாலிமர் வேறு இருக்கும். அதுவும் கட்டிக்குள் சேர்ந்திருக்கும்.

99 சதவீத ஐசோபுரோப்பைல் எலக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடைகளில் சர்க்யூட் போர்டு துடைப்பதற்கென்று விற்கிறார்கள். மருந்துக்கடையில் பெரும்பாலும் 70தான் எடுத்துக் கொடுப்பார்கள், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். சமஅளவு ஊற்றினால் 50-க்குச் சரியாக வரும். எளிதில் தீப்பிடிக்கும், அதனால் அடுப்பு, ஸ்பிரிட் விளக்கு எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது.

அடுத்தது மிக்சி. டிஎன்ஏ இழையின் அகலம் 2 நானோமீட்டர். ஒவ்வொரு எழுத்து இணைக்கும் நீளம் 0.34 நானோமீட்டர். ஒரு வாழை உட்கருவில் உள்ளதை நீட்டிவைத்தால் அரை மீட்டர் வரும். இவ்வளவு மெல்லியதை ஒரு நிமிடம் பிளேடில் விட்டால் துண்டு துண்டாகிவிடும். துண்டுகளும் திரளும், ஆனால் நூலாக வராது, பஞ்சுத் தூளாக வரும். கெட்டியான பாலித்தீன் பையில் போட்டுக் கையால் மசித்தாலே போதும். சோப்பு சேர்த்த பிறகு குலுக்கவே கூடாது, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்க வேண்டும்.

செங்காயை விடுங்கள். அதில் மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாக மாறி முடிந்திருக்காது, வடிநீர் கலங்கலாக வரும். தோல் புள்ளி விழுந்த பழமாக எடுங்கள்.

50 கிராம் பழத்துக்கு 100 மி.லி. தண்ணீர், உப்பு 2 கிராம், சோப்பு 10 மி.லி. சோப்பை நுரை வராமல் கலந்து, 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 15 நிமிடம். இந்தச் சூட்டில் டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் மந்தமாகும். 80-ஐத் தாண்டவிட்டால் இரண்டு இழைகளும் பிரிய ஆரம்பிக்கும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, காபி வடிதாளில் வடியுங்கள். பிழிய வேண்டாம், தானாக வடியட்டும். பிழிந்தால் பெக்டின்தான் கூடும். வடிநீர் 5 மி.லி. எடுத்து, புதிதாகப் பிழிந்த அன்னாசிச் சாறு நாலைந்து சொட்டு விடுங்கள். டிஎன்ஏவைச் சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தை அதிலுள்ள புரோமெலைன் வெட்டும். டப்பாவில் அடைத்த சாறு சூடுபடுத்தப்பட்டது, நொதி செத்திருக்கும். இரண்டு நிமிடம் கழித்து, குழாயைச் சாய்த்து 5 மி.லி. ஆல்கஹாலைச் சுவர்வழியாக வழியவிடுங்கள். இரண்டு அடுக்காக நிற்கும். பத்து நிமிடம் தொடாமல் விட்டால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை மூட்டம் எழும்பும். கண்ணாடிக் கம்பியை ஒரே திசையில் சுற்றினால் ஒட்டிக்கொண்டு வருவது டிஎன்ஏ நிறைந்த பகுதி. வழுக்கி விழும் கண்ணாடிக் கட்டி பெக்டின்.

ஒரு எச்சரிக்கை. பள்ளி ஆய்வகத்தில் சோடியம் டோடெசில் சல்பேட் தூள் இருந்தால் அதைச் சோப்புக்குப் பதிலாகப் போடாதீர்கள். வாழையில் பொட்டாசியம் அதிகம். அது சேர்ந்தால் பொட்டாசியம் உப்பாக மாறி வெள்ளையாகப் படியும். குளிர்ந்த காலை நேரத்தில் தண்ணீரில் தூள் சரியாகக் கரையவும் செய்யாது. பிள்ளைகள் அதையும் டிஎன்ஏ என்று எழுதிவைப்பார்கள்.

"சார், இதுல திருகு தெரியுமா" என்று எவனாவது கேட்பான். தெரியாது. கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு நூலும் லட்சக்கணக்கான இழைகள் பின்னிக்கொண்ட கற்றை.

மேல்மலைப் பூண்டு பதில்:

வாழையை ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும்? மன்னவனூர், பூம்பாறை பக்கத்து மலைப்பூண்டு உங்கள் சந்தைக்கு வருமே. பூண்டின் ஒரு தொகுதி சுமார் 1,600 கோடி எழுத்து. இருமடியம் என்பதால் உட்கருவுக்கு 3,200 கோடி. வாழையைப் போல இருபது மடங்கு. நீட்டினால் 11 மீட்டர். மனிதச் செல்லில் இருப்பதே 2 மீட்டர்தான்.

ஸ்ட்ராபெர்ரி எண்மடியம், அதனால் டிஎன்ஏ கொட்டிக் கிடக்கும் என்று எல்லாச் செய்முறைக் குறிப்பிலும் எழுதுகிறார்கள். எட்டுத் தொகுதி உண்மைதான், ஆனால் ஒவ்வொரு தொகுதியும் சின்னது. கூட்டிப் பார்த்தால் உட்கருவுக்கு 160 கோடிதான், வாழைக்குப் பக்கம். அது எளிதாக வருவதற்குக் காரணம் பழம் மென்மையாக மசிவதும், பழுக்கும்போது செல்சுவர் தளர்ந்துவிடுவதும்.

பூண்டுக்கு எதற்கு இவ்வளவு என்று வகுப்பில் கேள்வி வரும். பெரும்பகுதி தன்னைத்தானே நகலெடுத்து அங்கங்கே செருகிக்கொண்ட துண்டுகள். அதிக டிஎன்ஏ இருந்தால் அதிகச் சிக்கலான உயிர் என்று ஒன்றும் கிடையாது. கூடவே "மனிதனுக்கும் வாழைக்கும் பாதி டிஎன்ஏ ஒன்று" என்ற வாட்சப் கதையையும் தீர்த்துவிடுங்கள். ஒப்பிட்டது மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்களை. டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி, ஹிஸ்டோன் மாதிரி அடிப்படைச் சாமான்கள் இரண்டிலும் அடையாளம் தெரிகிற அளவுக்கு ஒத்திருக்கும். நடுவில் இருக்கும் பெருவாரியான எழுத்துகளை வரிசைக்கு வரிசை வைத்து ஒப்பிடவே முடியாது.

செய்முறை: உரித்த பூண்டு 20 கிராம், சன்னமாக அரிந்தது. மற்றதெல்லாம் இழைநூல் சொன்ன அளவேதான்.

ஜெல்பெட்டி பதில்:

பூண்டு நல்ல யோசனை, ஆனால் அதில் ஃபிரக்டான் (ஃபிரக்டோஸ் சர்க்கரை கோத்த சங்கிலி) நிறைய. காய்ந்த எடையில் பெரும்பங்கு அதுதான். அதனால் வந்தது டிஎன்ஏ என்று நிரூபிக்க டைஃபினைலமின் சோதனை செய்தால் ஏமாறுவீர்கள். டிஎன்ஏவின் சர்க்கரையான டிஆக்சிரைபோஸுக்கு வரும் அதே நீலம் ஃபிரக்டோஸுக்கும் வரும். வாழைப்பழச் சர்க்கரையிலும் பாதி ஃபிரக்டோஸ்தான். குச்சியில் சுற்றியதை 70 சதவீத ஆல்கஹாலில் இரண்டு முறை அலசினால் சிறிய சர்க்கரைகள் போய்விடும், நீண்ட ஃபிரக்டான் முழுதாகப் போகாது. (இப்போது உங்கள் சானிடைசர் கணக்கு புரியும், அந்தச் செறிவு கழுவத்தான் உதவும். ஜெல் இல்லாத திரவமாக இருக்க வேண்டும்.) தவிர, அந்தச் சோதனைக்குக் கடும் அமிலத்தோடு கொதிநீரில் பத்து நிமிடம் வைக்க வேண்டும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், நிறம் வரத் தாமதமாகும். பள்ளியில் இது வேண்டாம்.

பூண்டை வைத்துச் செய்ய வேறொன்று இருக்கிறது, குழாயில் தெரியும் வெள்ளை நூலைவிட மேல். நகலெடுத்து முடிந்த டிஎன்ஏவை மைக்ராஸ்கோப்பில் நேராகக் காட்டலாம். பற்களின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். அறை 20 டிகிரிக்கு மேல் இருக்கட்டும், மேல்மலைக் குளிரில் செல்பிரிவு மந்தமாகி ஒன்றும் தெரியாது. வேர் இரண்டு சென்டிமீட்டர் ஆனதும் காலை எட்டிலிருந்து பத்துக்குள் நுனியை வெட்டி, மூன்று பங்கு எத்தனாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்ததில் ஒரு நாள் ஊறவிடுங்கள். 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் 5 முதல் 8 நிமிடம். குறைந்தால் செல்கள் பிரியாது, கூடினால் சாயம் ஏறாது. கழுவி, நுனியின் கடைசி இரண்டு மில்லிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு, அசெட்டோகார்மைன் ஒரு சொட்டு. பிறகு கவர்ஸ்லிப் போட்டு, வடிதாள் வைத்துக் கட்டைவிரலால் செங்குத்தாக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் எல்லாம் சுருண்டுவிடும்.

16 குரோமோசோம், நல்ல பருமன். செல்பிரிவின் நடுநிலையில் (மெட்டாஃபேஸ்) நிற்கும் செல் ஒன்று கிடைத்தால், ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு கைகளாக (குரோமாட்டிட்) ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். ஒவ்வொரு கையும் ஒரு முழு இரட்டைச் சுருள். வேர் நுனியில்தான் 1957-ல் ஹெர்பர்ட் டெய்லரும் உடன் பணியாற்றியவர்களும் டிஎன்ஏவில் போய்ச் சேரும் கதிரியக்கத் தைமிடினை ஊட்டி, நகலெடுத்த பிறகு ஒவ்வொரு கையிலும் பாதி பழையது பாதி புதியது என்று காட்டினார்கள். அது ஃபாபா பீன்ஸ் செடி. மெசல்சன், ஸ்டால் பாக்டீரியாவில் அதே முடிவை வெளியிட்டது 1958-ல்தான். பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் இவர்கள் பெயர் மட்டும் இருக்கும்.

மலைவகுப்பு:

மிக்க நன்றி. சோப்பில்லாத குழாயையும் வேர் நுனியையும் எடுத்துக்கொள்கிறேன், அசெட்டோகார்மைன் இருக்கிறது. மாணவியின் கேள்வி இன்னும் நிற்கிறது.

கீழ்மலைத்தோட்டம் பதில்:

அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. அவளுக்கு மூன்று விஷயங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: வாழையின் டிஎன்ஏ எப்படிக் கன்றுக்குப் போகிறது, முடிக்கொத்து வைரஸ் எப்படிப் போகிறது, இரண்டும் எங்கே சந்திக்கின்றன.

கன்று என்பது கிழங்கில் இருக்கும் பக்கமொட்டு. மகரந்தம், சூல் எதுவும் இல்லை, முழுக்க முழுக்கச் சாதாரணச் செல்பிரிவு. மூன்று தொகுதி குரோமோசோம்கள் இணைசேர முடியாமல் தடுமாறுவதால் பழத்தில் விதையும் வருவதில்லை. ஆக ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் 33 குரோமோசோமும் அப்படியே இரட்டிக்க வேண்டும். ஏ எதிரில் டி இரண்டு ஹைட்ரஜன் பிணைப்போடும், ஜி எதிரில் சி மூன்று பிணைப்போடும் நிற்பதால், ஹெலிகேஸ் இரண்டு இழைகளைப் பிரித்ததும் ஒவ்வொன்றுமே எதிர் இழைக்கு அச்சு. நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதிக்கு இரண்டு குறைகள். தானாகத் தொடங்கத் தெரியாது, பிரைமேஸ் ஒரு சிறு ஆர்என்ஏ துண்டு வைத்துக் கொடுக்க வேண்டும். இழையின் இரு நுனிகளில் 3 பிரைம் முனையில் மட்டுமே எழுத்துச் சேர்க்கும். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசை என்பதால் ஒன்று தொடர்ச்சியாகவும், மற்றது நூறு இருநூறு எழுத்து நீளமுள்ள ஒகாசாகி துண்டுகளாகவும் உருவாகும். லைகேஸ் அவற்றை ஒட்டும். பாடத்தில் இதை மனப்பாடம் செய்கிறார்களே தவிர, துண்டு ஏன் வருகிறது என்றால் 3 பிரைம் விதிதான் காரணம் என்று பல பேருக்குச் சொல்லத் தெரியாது.

வேகத்தையும் கணக்குப் போடச் சொல்லுங்கள். வாழைக் குரோமோசோம் ஒன்று சராசரி 4 கோடியே 75 லட்சம் எழுத்து. நொதி நொடிக்குச் சுமார் 50 எழுத்து. ஒரே இடத்தில் தொடங்கி இருபக்கமும் போனால் ஐந்தரை நாள் ஆகும். உண்மையில் சில மணி நேரத்தில் முடிகிறது, ஏனென்றால் பல இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்குகிறது.

தவறு வராதா என்றால் வரும். நொதி மட்டும் என்றால் லட்சம் எழுத்துக்கு ஒன்று. தானே பின்னால் போய்த் தவறான எழுத்தை வெட்டிவிட்டுத் திருத்தும், அதன்பின் பொருந்தா இணைகளைத் தேடிச் சரிசெய்யும் ஏற்பாடும் இருக்கிறது. கடைசியில் நிற்பது நூறு கோடிக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. தலைமுறை தலைமுறையாகக் கன்று வைத்தே வளர்ப்பதில் இந்தச் சில்லறைப் பிழைகள் கழியாமல் சேரும். திசு வளர்ப்பில் பிரிவு வேகம் அதிகம், ஹார்மோனும் அதிகம், வேற்றுருச் செடிகளும் கூடுதலாக வரும். அதனால்தான் வாழையில் எட்டுச் சுற்றுக்கு மேல் துணைவளர்ப்பு (திசுவைப் பிரித்துப் புது ஊடகத்தில் வைப்பது) கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

முடிக்கொத்து வேறு கதை. அந்த வைரஸுக்கு ஒற்றை இழை டிஎன்ஏ, வட்ட வடிவம், ஆயிரத்துச் சொச்சம் எழுத்துக் கொண்ட ஆறு துண்டுகள். அது வாழைக் குரோமோசோமில் போய் எழுதப்படுவதில்லை. கறுப்பு அசுவினி வாழைச் சாற்றை உறிஞ்சும்போது பட்டைக்குழாய்த் திசுவில் விடுகிறது. அங்கிருந்து சாற்றோடு கிழங்குக்கு இறங்கி, அதே கிழங்கிலிருந்து கிளம்பும் எல்லாக் கன்றுக்கும் ஏறுகிறது. தாயும் கன்றும் ஒரே குழாயில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

சந்திக்கும் இடம் நகலெடுக்கும் நொதி. வைரஸிடம் பாலிமரேஸ் கிடையாது. உட்கருவுக்குள் வந்ததும் செடியின் நொதியே அதன் ஒற்றை இழைக்கு எதிர் இழை போட்டு இரட்டையாக்கிவிடும். பிறகு வைரஸின் புரதம் ஒன்று வட்டத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தை வெட்டிக் கொடுக்க, செடியின் நொதி அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி நகலாக உருவிக்கொண்டே போகும். பாலிமரேஸ் எதிரில் இருக்கும் எழுத்துக்கு ஜோடி வைக்கும். அது யாருடைய எழுத்து என்று பார்க்காது. மாணவிக்கு இதைச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் இதன் விளைவு: காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் தெரிந்த மரத்தைச் சுகப்படுத்த வழியில்லை. கன்றை மட்டும் வெட்டினால் போதாது, கிழங்கோடு எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னால் அசுவினியைக் கொல்ல வேண்டும். உயிரோடு விட்டு மரத்தைச் சாய்த்தால் பூச்சி அடுத்த மரத்துக்குப் போய்விடும். சில மணி நேரம் உறிஞ்சினால் வைரஸ் ஏறும், அடுத்த மரத்தில் கால் மணி நேரம் உறிஞ்சினாலே இறங்கிவிடும். திசு வளர்ப்புக் கன்று என்றாலே வைரஸ் இல்லை என்று நினைக்க வேண்டாம். தாய்க்கிழங்கைச் சோதித்த பிறகு வளர்த்ததா என்று கேளுங்கள்.

ஜெல்பெட்டி:

"குரோமோசோமில் எழுதப்படுவதில்லை" என்பது முடிக்கொத்துக்குச் சரி. ஆனால் வாழைக் கோடல் வைரஸ் என்று ஒன்று உண்டு, இரட்டை இழை, சுமார் 7,400 எழுத்து. அதன் துண்டுகள் பி தொகுதிக் குரோமோசோமுக்குள்ளேயே பதிந்து கிடக்கின்றன. ஏஏபி வகைகளிலும் பி தொகுதி உண்டு. தட்பவெப்ப மாற்றத்தாலோ திசு வளர்ப்பின் நெருக்கடியாலோ சிலவகைப் பதிவுகள் விழித்துக்கொண்டு முழு வைரஸாகக் கிளம்பும். அந்த மாணவி கேட்டது போல டிஎன்ஏ வழியாகவே கன்றுக்குப் போகும் நோய் வாழையிலேயே இருக்கிறது.

சோதனைக்கு மாதிரி அனுப்புகிறவர்களுக்கும் இது முக்கியம். கோடலுக்குச் சாதாரண பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் காட்டும் சோதனை) வைத்தால் செடியின் குரோமோசோமில் தூங்கும் பதிவையே பெருக்கி, நோய் இருப்பதாகக் காட்டிவிடும். முதலில் வைரஸ் துகளை எதிர்ப்பொருளால் பிடித்துவிட்டு அதற்குப் பிறகு பெருக்க வேண்டும். முடிக்கொத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் இல்லாதது போல் காட்டும் ஆபத்து உண்டு. வாழையிலையின் பாலிஃபீனாலும் சர்க்கரைக் கோந்தும் பிசிஆரில் நகலெடுக்கும் டாக் நொதியை அடக்கிவிடும். அதனால் அதே மாதிரியில் வாழையின் மரபணு ஒன்றையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்க வேண்டும். அதுவும் வரவில்லை என்றால் மாதிரி கெட்டது, "நோய் இல்லை" என்று எழுதக்கூடாது. பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினால் பல நேரம் வந்துவிடும்.

இலை எடுக்கும்போது முதிர்ந்ததை விட்டு, விரியாத சுருட்டு இலையும் அதற்கடுத்த இலையின் நடுநரம்புத் துண்டும் எடுங்கள். வைரஸ் எல்லா இலையிலும் ஒரே அளவில் இருக்காது. பாலித்தீனில் ஈரத்தோடு கட்டினால் திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்துக்குப் போய்ச் சேரும்போது கறுத்துவிடும். காகிதத்தில் சுற்றி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். ஜெல் நிறம் மாறினால் அன்றே மாற்றுங்கள். எங்கே அனுப்புவது, கட்டணம் எவ்வளவு என்பதைத் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுவிட்டு அனுப்பலாம், உங்களுக்கு அதுதான் பக்கம்.